குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வந்த குளவி

2022 மார்ச் மாதம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளவி இனம் வயலில் விடப்பட்டது. உடம்பு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மனிதரைக் கொட்டத் தெரியாது. அனகைரஸ் லோபெசி என்பது அறிவியல் அதற்கு வைத்த பெயர். தென் அமெரிக்காவில் பிறந்த இனம் அது. இங்கிலாந்து, நைஜீரியா, பெனின், பெங்களூரு என்று கைமாறி, நாற்பது ஆண்டு கழித்து நம் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆத்தூர் சாலையில் கிழக்கே போனால் வாழப்பாடிக்கு அப்பால் ஏத்தாப்பூர். வழிநெடுக மரவள்ளி, ஊர்ப்பேச்சில் குச்சிக்கிழங்கு. அந்தக் குச்சிக்கிழங்கைக் காப்பாற்றத்தான் இந்தக் குளவியைக் கடல் கடந்து அழைத்து வந்தார்கள். அது எப்படி வந்தது என்பதைவிட, இங்கே நிலைத்து வாழ நம்மிடம் என்ன கேட்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருந்தைக் குறைத்து, மண்ணுக்கு உயிர் திரும்பும்படி உழவு செய்து பார்க்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் இந்தக் குளவியின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அவருக்குத் துணை நிற்க வேண்டியவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது.

குச்சியோடு பரவிய பூச்சி

மரவள்ளியும் தென் அமெரிக்கச் செடிதான். போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பஞ்சம் போக்கும் பயிராகப் பரப்பினார். சேலத்தில் அதற்கு வேறொரு வாழ்வு அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1940களின் தொடக்கத்தில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். கைத்தொழிலாகத் தொடங்கியது ஆலைகளாக வளர்ந்தது. ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டில் விரத நாட்களில் சமைக்கும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இந்தச் சமவெளியின் கிழங்கிலிருந்து போவதுதான்.

சந்தை இருக்கும் பயிரை விவசாயி விடமாட்டார். மானாவாரிக்கும் தாங்கும், கிணற்றுத் தண்ணீர் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும், பிடுங்கிய கிழங்கை நேரே ஆலைக்கு அனுப்பலாம். அதனால் ஒரே காட்டில் வருடா வருடம் குச்சி ஊன்றுகிறார்கள். கிழங்கு மண்ணிலிருந்து சாம்பல் சத்தை அள்ளிக்கொண்டு போகிறது. ஊன்றிய முதல் மூன்று மாதம் செடிகளுக்கு இடையே தரை வெறுமையாகக் கிடக்கிறது. கோடை மழை ஒன்று வலுத்துப் பெய்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. மண் களைத்துப்போவதைக் கண்ணால் பார்ப்பது கடினம். ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடும்போதுதான் அது கைக்குத் தெரிகிறது.

இந்த நிலையில்தான் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 2020இல், கேரளத்தின் திருச்சூரில். சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கத்துக் காடுகளிலும் பரவியது. பூச்சிக்கு நீண்டதூரம் பறக்கத் தெரியாது. அதற்குத் தேவையும் இல்லை. ஓர் ஊரில் வெட்டிய விதைக்குச்சி இன்னோர் ஊருக்கு வண்டியேறிப் போகும்போது கணுவில் ஒட்டிக்கொண்டு தானும் போய்விடும். இந்த இனத்தில் ஆணே கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் பெண். ஒவ்வொன்றும் துணையில்லாமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி தப்பினாலும் ஒரு காடு நிரம்பிவிடும்.

அது உட்காரும் இடம் கொழுந்து. சாற்றை உறிஞ்சும்போது எச்சிலையும் உள்ளே செலுத்துகிறது. அந்த நஞ்சில் இலைகள் சுருண்டு, கணுக்களின் இடைவெளி குறுகி, நுனி முழுதும் முடிச்சுப் போட்டது போலக் கொத்தாகிவிடும். அந்தச் சுருளுக்குள், மெழுகு மாவைப் போர்த்திக்கொண்டு பூச்சி பத்திரமாக இருக்கும். தெளிக்கும் மருந்து மெழுகின்மேல் வழிந்துபோகிறது. பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகளைத்தான் கொல்கிறது. இலை போனால் கிழங்கில் மாவு ஏறாது. மாவு ஏறாவிட்டால் பாயிண்ட் இறங்கும்.

நாற்பது கோடைகளுக்கு முன்

இதே பூச்சி ஆப்பிரிக்காவை 1970களிலேயே அடித்துப்போட்டிருந்தது. 1973இல் காங்கோ நதிப் பகுதியில் முதலில் கண்டார்கள். அங்கே மரவள்ளி ஆலைக்குப் போகும் பயிர் அல்ல, அன்றாடச் சோறு. கிழங்கு கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கோடிக்கணக்கான மக்களின் உணவில் கைவைத்த பூச்சி, பத்தே ஆண்டுகளில் நாடு நாடாகப் பரவியது.

நைஜீரியாவின் இபாடனில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1979இல் சேர்ந்தவர் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர். மருந்தால் இந்தப் பூச்சியை வெல்ல முடியாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. ஏழைக் குடியானவரால் மருந்து வாங்கவும் முடியாது. பூச்சி பிறந்த மண்ணில் அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி ஒன்று இருக்க வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. தேடல் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி என்று நீண்டது. முதலில் கண்ட பூச்சி வேறு இனம் என்று தெரிந்தது. அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவில்லை. 1981இல் கொலம்பியாவிலுள்ள ஆய்வு மையத்தைச் சேர்ந்த அந்தோணி பெல்லோட்டி, சரியான மாவுப்பூச்சியைப் பராகுவேயில் கண்டார். அங்கே அது பெரிய தொல்லையாக இல்லை. காரணம், அதனோடு வாழ்ந்த குளவி.

பராகுவேயில் சேகரித்த குளவிகளை நேரே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. இங்கிலாந்தில், மரவள்ளியே விளையாத குளிர்நாட்டில், தனிமைக் காப்பில் வைத்துப் பார்த்தார்கள். குளவியோடு வேறு நோயோ பூச்சியோ தொற்றி வந்திருக்கிறதா, அது வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்த பிறகே 1981இன் இறுதியில் நைஜீரியாவில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நாட்டின் தென்மேற்கில் ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அது தானாகவே பரவியிருந்தது. தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரிய நிலம். பிறகு வந்த ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குடியேறியது. 1988இல் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு நார்கார்ட் போட்ட கணக்கில், செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் கிடைத்திருந்தது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

குளவியின் அடுத்த பயணம் ஆசியாவுக்கு. தாய்லாந்து 2009இல் பெனினிலிருந்து அதை வரவழைத்தது. அங்கிருந்து 2014இல் இந்தோனேசியாவுக்குப் போனது. இந்தியாவில் பூச்சி நுழைந்ததும், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆய்வகம் 2021இல் அதே பெனினிலிருந்து குளவியைத் தருவித்தது. இங்கும் தனிமைக் காப்பு, இங்கும் சோதனை. அதன் பிறகே ஏத்தாப்பூர்.

நம் மாநிலத்துக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் பருத்தியையும் வாரிச் சுருட்டியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற வேறொரு சிறு குளவிதான் அதை அடக்கியது. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குளவியைப் பெருக்கி விவசாயிகள் கையில் கொடுத்தன. கொங்கு நாட்டிலும் சேலத்திலும் வயதில் மூத்த விவசாயிகளுக்கு அது நினைவிருக்கும்.

ஒரு கொழுந்தின் மேல்

இனிக் குளவி வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். மாசி முடிந்து வெயில் ஏறும் காலம். சுருண்ட கொழுந்தின்மேல் பெண் குளவி நடக்கிறது. பறப்பதைவிட நடப்பதுதான் அதிகம். உணர்கொம்புகளால் இலையைத் தட்டித் தட்டிப் போகிறது. வெண்மாவுக்கு அடியில் இளஞ்சிவப்பு உடம்பு தட்டுப்பட்டதும் நிற்கிறது. சுற்றி வந்து அளவு பார்க்கிறது. பிறகு திரும்பி, முட்டையிடும் ஊசியைப் பூச்சியின் உடம்பில் இறக்குகிறது. சில நேரம் முட்டையிடாமல், குத்திய துளையில் கசியும் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். அப்படிக் குத்துப்பட்ட பூச்சியும் பிழைக்காது.

முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்து தின்று வளர்கிறது. சில நாளில் பூச்சி அசைவற்றுப் போகிறது. உடம்பு தடித்துப் பழுப்பேறி ஒரு சிறு கூடாக மாறுகிறது. முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை வாரத்தில் கூட்டில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வருகிறது. காட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பழுப்புக் கூடுகளைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் துளையையும் பார்க்கலாம். துளையிட்ட கூடுகள் பெருகினால் குளவி குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

முட்டையிடும் முன் குளவி அளவு பார்க்கிறது என்றேனே, அங்கேதான் இந்தக் கதையின் உயிர்நாடி இருக்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். எதை எங்கே இடுவது என்பது தாயின் கையில். பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் அதில் பெண் முட்டை. உள்ளே தீனி நிறைய இருக்கும், மகள் திடமாக வளர்வாள். சிறிய பூச்சி என்றால் ஆண் முட்டை. அடுத்த தலைமுறையில் பூச்சியைத் தேடிக் குத்தப்போவது மகள்களே. மகன்களால் அந்த வேலை நடக்காது. மகள்கள் குறைந்தால் காவல் தளரும்.

பூச்சியின் அளவை எது முடிவு செய்கிறது? செடியின் ஊட்டம். செடியின் ஊட்டத்தை எது முடிவு செய்கிறது? மண்.

மண்ணில் முடியும் பயணம்

ஆப்பிரிக்காவில் குளவி வென்ற பிறகும் சில காடுகளில் மட்டும் மாவுப்பூச்சி அடங்கவில்லை. பீட்டர் நியூயன்ஷ்வாண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தக் காடுகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மணற்பாங்கான, சத்திழந்த, மூடாக்கு இல்லாத நிலங்கள் அவை. செடி நோஞ்சான். அதைத் தின்ற பூச்சியும் சிறுத்தது. சிறுத்த பூச்சியில் குளவி ஆண் முட்டைகளையே அதிகம் இட்டது. மூடாக்கும் எருவும் போட்ட காடுகளில் நிலைமை மாறியது. செடி தெம்பாக வளர்ந்தது, பூச்சி பெருத்தது, பெண் குளவிகள் கூடின, பூச்சிக் கூட்டம் சரிந்தது. பின்னாளில் தென்கிழக்கு ஆசியாவிலும் மண்வளத்துக்கும் இந்தப் பூச்சிக்கும் குளவிக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடல்களைத் தாண்டி வந்த குளவிக்குக் கடைசித் தூரம் நம் காட்டின் மண்தான். அதை விமானம் கடக்காது, ஆய்வகம் கடக்காது. விவசாயிதான் கடத்திவிட வேண்டும்.

அதற்கான வேலைகள் நம் ஊருக்குப் புதியவை அல்ல. குச்சி ஊன்றிய கையோடு இடைவெளியில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால் முதல் மூன்று மாதம் தரை மூடியிருக்கும். பயறின் வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். வீட்டுக்கும் ஒரு விளைச்சல். சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் ஊடுபயிராக வருபவையே. பயிர் இல்லாத காலத்தில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். கரும்புச் சோகை, நிலக்கடலைக் கொடி, தென்னை ஓலை என்று எது மிச்சமோ அது மூடாக்கு. ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் திப்பியும் நாமக்கல் கோழிப்பண்ணை எருவும் மக்கவைத்தால் நல்ல உரம். இந்தச் சமவெளி கிழங்கையும் முட்டையையும் வெளியூருக்கு அனுப்புகிறது. அவற்றோடு போகாமல் இங்கேயே தங்கும் கழிவாவது மண்ணுக்குத் திரும்ப வேண்டும். ஒரே காட்டில் வருடா வருடம் குச்சியே ஊன்றாமல் நடுவில் சோளமோ நிலக்கடலையோ எள்ளோ போடுவதும் மண்ணுக்கு இளைப்பாறுதல். விதைக்குச்சியைப் பூச்சியில்லாத காட்டிலிருந்து மட்டும் எடுப்பது எல்லாவற்றுக்கும் முதல் படி.

யார் துணை நிற்பது

இவ்வளவும் தெரிந்த விவசாயிகூட ஏன் தயங்குகிறார்? குளவியை விட்ட அன்றே காடு பச்சையாகிவிடாது. அது பெருகி, பரவி, பூச்சியை அடக்க வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் கொழுந்து சுருண்டே கிடக்கும். நடுவே பொறுக்க மாட்டாமல் ஒரு முறை மருந்து அடித்தால் பூச்சிக்கு முன் குளவி செத்துவிடும். மருந்துக்கடையில் மருந்து கடனுக்குக் கிடைக்கிறது. பொறுத்திருப்பதற்குக் கடன் கொடுக்க ஆளில்லை. அறுவடையை நம்பி வாங்கிய கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தலைக்கு மேல் நிற்கும்போது, பொறு என்று சொல்லிவிட்டுப் போவது அறிவுரை ஆகாது. பொறுக்கச் சொல்பவர்கள் அந்த இழப்பில் பங்கு ஏற்க வேண்டும்.

அடுத்தது வரப்பு. குளவிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் குளவி விட்டு, பக்கத்துக் காட்டுக்காரர் மருந்து தெளித்தால் இருவர் முயற்சியும் வீண். அதனால் இது தனி ஆளின் முடிவாக இருக்க முடியாது. ஊர்முடிவாக இருக்க வேண்டும். ஏரி நீரை முறைவைத்துப் பாய்ச்சிய ஊர்களுக்கு இப்படி ஒன்றுகூடி முடிவெடுப்பது கைவந்த பழக்கம்.

எனக்குப் படுவது இது. அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் ஒவ்வோர் ஊரிலும் சில விவசாயிகள் தங்கள் காட்டில் ஒரு துண்டை மட்டும் இப்படிச் செய்து பார்க்க முன்வரட்டும். முழுக்காட்டையும் பணயம் வைக்கச் சொல்லக் கூடாது. அந்தத் துண்டில் விளைச்சல் குறைந்தால் ஈடு கொடுக்க ஒரு பொதுநிதி வேண்டும். கிழங்கு வந்தால்தான் ஆலை ஓடும் என்பதால் ஜவ்வரிசித் தொழிலுக்கு அந்த நிதியில் முதல் கடமை இருக்கிறது. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் ஏத்தாப்பூர் ஆய்வு நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. குளவி வளர்க்கும் கூண்டை ஊரிலேயே அமைக்கப் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். மாவுப்பூச்சி ஏறிய கொழுந்தும் வலைக்கூண்டும் தினசரிக் கவனமும் இருந்தால் குளவி பெருகும். தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைகள் விவசாயிகளுக்கு வழங்கப்படுகின்றன. அந்த விதை மரவள்ளிக் காட்டையும் எட்டும்படி கேட்டு வாங்க வேண்டும்.

வாரம் ஒரு முறை யாராவது காட்டுக்கு வந்து, விவசாயியோடு சேர்ந்து கொழுந்தைப் புரட்டிப் பழுப்புக் கூடுகளை எண்ண வேண்டும். இது சின்ன வேலையாகத் தெரியலாம். துளையிட்ட கூட்டை விவசாயி தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மருந்துத் தெளிப்பான் கொட்டகையிலேயே இருக்கும். நம்பிக்கை துண்டறிக்கையில் வராது. அது காட்டில், கூட ஒரு ஆள் நிற்கும்போது வரும்.

மாவுப்பூச்சி கடைசி விருந்தாளி அல்ல. விதைக்குச்சியோடும் கன்றோடும் கப்பலோடும் இன்னும் பல பூச்சிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குளவியைக் கண்டுபிடித்துத் தர அறிவியலால் முடியலாம். அந்தக் குளவிக்குப் பெண் பிள்ளைகள் பிறக்கும்படி மண்ணை வைத்திருப்பது நம் வேலை. அந்த வேலையைச் செய்யும் விவசாயி தன் காட்டுக்காக மட்டும் செய்வதில்லை. வரப்புக்கு அப்பாலுள்ள எல்லாக் காடுகளுக்கும் சேர்த்துத்தான் செய்கிறார். அதற்கான செலவை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.